"மொட்டை போட்டா நான் பையனாயிடுவேனா?"

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில், சின்னக் குழந்தைகள் ஆண், பெண் வித்தியாசத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைச் சுற்றியே இந்த முறை நிறையக் கேள்விகள். குழந்தை வளர்ச்சி, குழந்தை மருத்துவம் இரண்டிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: மகளுக்கு மூன்றே முக்கால் வயசு. போன மாசம் பழனியில் மொட்டை போட்டோம். அன்றிலிருந்து அங்கன்வாடிக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள். "நான் இப்ப பையன், பொண்ணுங்ககூட உக்கார முடியாது" என்கிறாள். மாமாக்கள் வேறு "வாடா தம்பி" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். சமாதானத்துக்காகப் பெரிய பொட்டு, தொங்கட்டான், கை நிறைய வளையல் போட்டுவிட்டேன். அப்போதைக்கு அடங்குகிறாள், குளிக்கக் கழற்றினால் மறுபடி அழுகை. மனசில் ஏதாவது கோளாறா? – ஒரு தாய், பண்ணைக்காடு

கோளாறு இல்லை. அவள் போட்ட கணக்கில் ஒரு படி குறைகிறது, அவ்வளவுதான். அந்தப் படி இந்த வயசில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறையும்.

மூன்று, நான்கு மாதக் குழந்தைக்கே ஆண் முகத்தையும் பெண் முகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். ஒன்றரை வயசிலிருந்து இரண்டரை வயசுக்குள் 'அக்கா', 'அண்ணன்', 'பாப்பா', 'தம்பி' என்று சரியாகச் சொல்ல ஆரம்பிக்கும். ஆனால் எதை வைத்துச் சொல்கிறது? முடி, உடுப்பு, பொட்டு, வளையல், குரல். மலையில் இது இன்னும் அதிகம். குளிர் காரணமாக நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகத்தான் இருக்கிறார்கள். சமவெளியில் அரைஞாண் கயிற்றோடு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தே மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். இங்கே உடம்பு கண்ணில் படுவதே இல்லை, உடுப்பு மட்டும்தான் படுகிறது.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966-இல் இதை மூன்று படிகளாக விளக்கினார். முதல் படியில் குழந்தைக்குத் தான் யார் என்று தெரியும்: "நான் பொண்ணு." அடுத்த படியில், பெரியவளானாலும் பெண்ணாகத்தான் இருப்போம் என்று தெரியும். இது மூன்றரை, நான்கு வயசு வாக்கில் வரும். கடைசிப் படியில்தான் முடி வெட்டினாலும், சட்டை டிரவுசர் போட்டாலும், கபடி ஆடினாலும் அது மாறாது என்று உறுதியாகும். இதற்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வயசு ஆகும். உங்கள் மகள் முதல் படியைத் தாண்டி, இரண்டாவது படியில் கால் வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து முடி போய்விட்டது.

ஆண் பெண் விஷயத்தில் மட்டும் நடக்கும் குழப்பமும் இல்லை இது. 1969-இல் ரீட்டா டெவ்ரிஸ் என்ற ஆய்வாளர், மேனார்டு என்ற சாதுவான பூனைக்கு நாய் முகமூடி மாட்டிப் பிள்ளைகளிடம் காட்டினார். முகமூடி மாட்டும்போது பூனையின் பின்பக்கம் அவர்கள் கண் முன்னாலேயே இருந்தது. அப்படியும் மூன்று வயசுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயசுப் பிள்ளைகள் ஏமாறவில்லை.

இப்போது வளையலுக்கு வருவோம். அன்பினால்தான் செய்தீர்கள், ஆனால் அதுதான் அழுகையை நீட்டிக்கிறது. 'முடி இருந்தால் பெண், போனால் பையன்' என்று அவள் நினைக்கிறாள். பொட்டும் தொங்கட்டானும் போட்டு 'இப்ப பொண்ணாயிட்டே' என்று நீங்கள் காட்டும்போது, அவள் நினைத்தது சரி என்றே ஆகிறது. அதனால்தான் கழற்றும்போது பயம் திரும்புகிறது. போட ஆசைப்பட்டால் போடட்டும். நிரூபிப்பதற்காகப் போட வேண்டாம்.

அந்தக் குறைகிற படியைக் கொடுப்பது உடம்பு பற்றிய தகவல். சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இது. 3 முதல் 5 வயசுப் பிள்ளைகளிடம் ஒரு குழந்தையை முதலில் உடுப்பில்லாமலும், பிறகு எதிர்ப்பாலின் உடுப்பிலும் படத்தில் காட்டி, "இது பையனா, பொண்ணா?" என்று கேட்டார். சுமார் 40 சதவீதம் பிள்ளைகள் உடுப்பைக் கண்டு ஏமாறாமல் சரியாகச் சொன்னார்கள். ஆண் உடம்புக்கும் பெண் உடம்புக்கும் உறுப்பில் என்ன வித்தியாசம் என்று முன்பே தெரிந்திருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் சரி. தெரியாதவர்களில் பத்தில் ஒருவர்தான். வயசை விடத் தகவல்தான் இங்கே பெரிய வேலை செய்தது. அவருடைய சின்ன மகனே ஒருநாள் ஆசையாகத் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். கிளிப் மாட்டினால் நீ பொண்ணுதான் என்று இன்னொரு பையன் விடாமல் சொல்ல, இவன் டிரவுசரை இறக்கியே காட்டிவிட்டான். அந்தப் பையன் அசரவில்லை: "அது எல்லாருக்கும்தான் இருக்கு. கிளிப் பொண்ணுங்க மட்டும்தான் மாட்டுவாங்க!"

நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் மாமாக்களிடம் "வாடா தம்பி"யை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது கேலி, அவளுக்குப் பெரியவர்கள் கொடுத்த சாட்சி. அடுத்து, அவள் பிறந்தபோது எடுத்த படம், முடியோடு இருக்கும் படம், மொட்டைப் படம் மூன்றையும் வரிசையாக வைத்து "இது யாரு? இது யாரு?" என்று கேளுங்கள். பிறந்தபோதும் முடி குறைவுதான், அப்போதும் பெண்தான் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். குளிக்க வைக்கும்போது, மற்ற உறுப்புகளைச் சொல்கிற அதே குரலில், "உனக்குப் பெண்குறி இருக்கு, அதனாலதான் பிறந்தப்பவே டாக்டர் 'பொண்ணு'ன்னு சொன்னாங்க. அது முடியில இல்ல. முடி போனா தலை மாறும், நீ மாற மாட்டே" என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. நாலைந்து நாள் விட்டு விட்டுச் சொல்லுங்கள்.

பழனிக்கே போய் வந்திருக்கிறீர்கள், கையில் நல்ல உதாரணம் இருக்கிறது. காலையில் ஆண்டிக் கோலத்தில் இருக்கும் முருகன் சாயரட்சையில் ராஜ அலங்காரத்தில் நிற்கிறார். "ஆண்டியா இருந்தவரும் ராஜாவா நிக்கிறவரும் ஒரே முருகன்தானே?" என்று கேட்டுப் பாருங்கள். படிப்பாளிகளின் விளக்கத்தைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். ஒரு அட்டையில் மாதம் ஒரு கோடு போட்டுக் காட்டினால் காத்திருப்பது சுலபம். தலைக்குக் குல்லா போடுவது குளிருக்காக என்று சொல்லியே போடுங்கள், மொட்டையை மறைக்க என்று அல்ல. அங்கன்வாடி டீச்சரிடம் முதல்நாளே பேசி, எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வையுங்கள்.

அவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று பார்க்க ஆசையாக இருந்தால் மூன்று கேள்வி போதும். "குட்டிப் பாப்பாவா இருந்தப்ப நீ பையனா, பொண்ணா?" "பெரிசானா அம்மாவா, அப்பாவா?" "அண்ணன் சட்டையைப் போட்டா நீ யாரு?" கடைசிக் கேள்விக்கு "பையன்" என்று பதில் வந்தால், "விளையாட்டுக்கா, நிசமாவா?" என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளைகள் பல நேரம் வேஷத்துக்கு உரிய பதிலைச் சொல்கிறார்கள்.

கேள்வி: மூன்று வயசுப் பேரன், "பெரிசானதும் நான் அம்மாவாகி வயித்துல பாப்பா வச்சுக்குவேன்" என்கிறான். அவன் அம்மா இப்போது மாசமாக இருக்கிறாள். திருத்தலாமா? – ஒரு பாட்டி, கூடலூர்

திருத்தலாம், அதட்டாமல். மேலே சொன்ன இரண்டாவது படிக்கு அவன் இன்னும் வரவில்லை. "பாப்பா வளர்ற கர்ப்பப்பைன்னு ஒண்ணு பெண்கள் உடம்புக்குள்ள இருக்கு. நீ பெரிசானா அப்பாவாகலாம், பாப்பாவைத் தூக்கலாம், குளிப்பாட்டலாம்" என்று சொன்னால் போதும். 'வயிற்றில்' என்பதற்குப் பதில் 'கர்ப்பப்பையில்' என்று சொல்லிப் பழகுங்கள். சோறு போகும் இடத்தில் பாப்பா இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைகள், அம்மா பாப்பாவை விழுங்கிவிட்டாள் என்று எண்ணிச் சாப்பிடவே பயப்படுவது உண்டு.

கேள்வி: பேத்திக்கும் பேரனுக்கும் நான்தான் குளிப்பாட்டுகிறேன். அவனுக்கு 2 வயசு, அவளுக்கு 4. "தம்பிக்கு இருக்கு, எனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டாள். "சீ, அதெல்லாம் கேக்கக்கூடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருவரையும் ஒன்றாகக் குளிப்பாட்டலாமா? – ஒரு வாசகி, கோத்தகிரி

நம் வீடுகளில் பையனின் உறுப்புக்குக் 'குஞ்சு' என்று கொஞ்சல் பெயராவது இருக்கிறது. பெண் குழந்தையின் உறுப்புக்கு ஒன்றுமே இல்லை. 'அது', 'கீழே', 'சீ', 'ஷேம் ஷேம்'. இதில் எங்களுக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தன் உடம்பில் ஒரு இடத்துக்கு மட்டும் பெயர் இல்லாத பிள்ளை, அங்கே எரிகிறது என்றோ யாரோ தொட்டார்கள் என்றோ எப்படிச் சொல்லும்? வயித்து வலி என்று சொல்லும் நாலு வயசுப் பெண் குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சிறுநீர்த் தொற்று என்று கண்டுபிடிப்பதெல்லாம் இந்தப் பெயரில்லாத குறையால்தான்.

ஆண்குறி, விதைப்பை, பெண்குறி, ஆசனவாய். இந்த நான்கு சொற்களையும் முழங்கை, முழங்கால் என்று சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். வீட்டில் 'குஞ்சு' என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் நர்ஸுக்கும் டீச்சருக்கும் புரியும் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

பதிலின் அமைப்பு முக்கியம். "அவனுக்கு இருக்கு, உனக்கு இல்ல" என்பது தப்பான வாக்கியம். அதைக் கேட்கும் பெண் குழந்தை தனக்கு ஏதோ குறை என்றோ, அறுந்து விழுந்துவிட்டது என்றோ, இனிமேல் முளைக்கும் என்றோ எடுத்துக்கொள்ளும். "அவனுக்கு ஆண்குறி இருக்கு. உனக்குப் பெண்குறி இருக்கு. ரெண்டு பேரும் பிறக்கும்போதே அப்படித்தான்." இருவருக்கும் 'இருக்கு' என்று வர வேண்டும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது பெரிய நஷ்டம் இல்லை. "நேத்து ஒண்ணு கேட்டியே, பாட்டி சரியா சொல்லல" என்று நீங்களே ஆரம்பியுங்கள்.

ஒன்றாகக் குளிப்பாட்டலாம். இந்த வயசில் அதுவே நல்ல பாடம். நிறுத்த ஒரு குறிப்பிட்ட வயசு என்று இல்லை. இருவரில் ஒருவர் கூச்சப்பட்டாலோ கதவைச் சாத்தச் சொன்னாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் 5 முதல் 7 வயசுக்குள் அது தானாக வரும்.

குளிப்பாட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கைவைத்தியப் பழக்கத்தால் கெடுவது அதிகம். வென்னீர் முழங்கையில் விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தித் துண்டை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மார்கழி, தைப் பனியில் தினம் தலைக்கு ஊற்ற முடியாது, சரி. ஆனால் இடுப்புக்குக் கீழே தினமும் கழுவ வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால், வெறும் வென்னீர். உள்ளே சோப்பு, பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பையனுக்கு நுனித் தோலைப் பின்னால் இழுத்து எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்தத் தோல் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை. வருஷக்கணக்கில் மெதுவாகத் தானே பிரியும், சிலருக்கு விடலைப் பருவம் வரை ஆகும். வலிந்து இழுத்தால் கிழிந்து தழும்பாகி, பிறகு உண்மையிலேயே இறுகிவிடும். இழுத்த தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு வீங்கினால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விதைகள் இரண்டும் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் வென்னீர்க் குளியலின்போதுதான். குளிரில் அவை மேலே ஏறிக்கொள்ளும் என்பதால், ஊட்டிக் குளிரில் துணி மாற்றும்போது பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். வென்னீரிலும் தட்டுப்படவில்லை, குழந்தைக்கு 6 மாதம் ஆகிவிட்டது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். விதையைப் பைக்குள் கொண்டுவரும் அறுவைசிகிச்சையை ஒன்றரை வயசுக்குள் முடிப்பது நல்லது. உங்கள் பேரனுக்கு 2 வயசு, இதுவரை பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: 5 வயசு மகள் உறைபனியிலும் பிங்க் ஃபிராக்தான் போடுவேன் என்கிறாள். பேண்ட் "பசங்க உடுப்பு" என்று தூக்கி எறிகிறாள். போன வருஷம் அண்ணன் பேண்டைச் சந்தோஷமாகப் போட்டவள். பிள்ளை பின்னால் போகிறாளா? – குன்னூர்

முன்னால்தான் போகிறாள். ஆண், பெண் என்று இரண்டு பெட்டி இருப்பது தெரிந்துவிட்டது, எதை எதில் போடுவது என்று அடுக்குகிறாள். புதிதாகச் சட்டம் கற்றவர்கள் சட்டத்தில் கறாராக இருப்பார்கள். இந்தக் கறார் 5, 6 வயசில் உச்சத்துக்குப் போய், 7, 8 வயசில் தளரும்.

வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். ஃபிராக்குக்கு உள்ளே தெர்மல், காலுக்குக் கம்பளி லெகிங்ஸ். ஃபிராக் அவளுடைய முடிவு, உள்ளே கதகதப்பு உங்களுடைய முடிவு. பிறகு நேரம் கிடைக்கும்போது ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரமாக அழைத்துப் போய் நில்லுங்கள். கொழுந்து பறிக்கிற அக்காக்கள் சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, செடியின் ஈரம் படாமல் இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட் சுற்றியிருப்பார்கள். "அந்த அக்கா ஏன் சட்டை போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேளுங்கள். குளிருக்கும் குச்சி கீறுவதற்கும் என்று அவளே சொல்வாள். பேண்ட்டைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

கேள்வி: எஸ்டேட் பகுதி அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். சொப்பு வைத்து விளையாடும் ஒரு பையனை மற்றப் பசங்க "பொம்பள" என்று கேலி செய்கிறார்கள், அவன் அழுகிறான். பொண்ணுங்களும் பசங்களும் தனித்தனியாகவே உட்காருகிறார்கள். மாற்ற முடியுமா? – குந்தா

தனித்தனியாக விளையாடுவதை முழுக்க மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. எலினோர் மேக்கபி, கரோல் ஜாக்ளின் என்ற உளவியலாளர்கள் 1987-இல் எழுதிய ஆய்வில், நாலரை வயசுப் பிள்ளைகள் எதிர்ப்பாலாரோடு விளையாடும் நேரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தன் பாலாரோடு விளையாடினார்கள். ஆறரை வயசில் அது பத்து மடங்குக்கும் மேல். மாற்ற வேண்டியது கேலியையும், அதற்கு நாம் தெரியாமல் போடும் உரத்தையும்.

அந்த உரம் நம் பேச்சில் இருக்கிறது. "பசங்க எல்லாம் இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்", "பசங்க ஜெயிக்கிறாங்களா, பொண்ணுங்க ஜெயிக்கிறாங்களா பாப்போம்". 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சில மழலையர் வகுப்புகளில் டீச்சர்கள் இப்படிப் பிரித்துப் பேசினார்கள், சிலவற்றில் பேசவில்லை. இரண்டே வாரத்தில், பிரித்துப் பேசிய வகுப்புப் பிள்ளைகளிடம் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்ற எண்ணம் கூடியது, எதிர்ப்பாலாரோடு விளையாடுவதும் குறைந்தது. இரண்டு வாரத்தில் கூடுவது என்றால் வருஷம் முழுக்க என்ன ஆகும் என்று யோசியுங்கள். வரிசை நிற்க வைக்கப் பிறந்த மாதம், பெயரின் முதல் எழுத்து, இன்றைக்கு ஸ்வெட்டரில் பட்டன் இருப்பவர், ஜிப் இருப்பவர் என்று தினம் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே பிரிவை நிரந்தரமாக வைத்தால் அதிலும் 'எங்க கட்சி, உங்க கட்சி' வந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். "பொண்ணுங்களும் பசங்க மாதிரியே வேகமா ஓடுவாங்க" என்று நல்ல எண்ணத்தில் சொல்வோம். அதில் அளவுகோல் பையன் என்றுதான் பிள்ளை கேட்டுக்கொள்ளும். "ரெண்டு பேரும் வேகமா ஓடுவாங்க" என்று முடியுங்கள். "பசங்க அழமாட்டாங்க" என்பது இதைவிட மோசம். அழுகிற பையன் அப்போது தான் பையனே இல்லையோ என்று யோசிக்கிறான்.

சொப்பு விஷயத்துக்கு எளிய வழி, அந்த மூலைக்கு 'டீக்கடை' என்று பெயர் வைப்பது. பாய்லருக்கு ஒரு டப்பா, இரண்டு டம்ளர், வடைக்குக் களிமண். அம்மா சமையல் என்றால் தள்ளி நிற்கும் பையன்கள் டீ மாஸ்டர் என்றதும் வரிசையில் நிற்பார்கள், ஆற்றுவதும் கழுவுவதும் அதே வேலைதான். கட்டைகளையும் சொப்பையும் அடுத்தடுத்து வையுங்கள், நடுவில் பாய் விரித்து எல்லை போடாதீர்கள். ஒரு விளையாட்டுக்குக் குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள், ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் பழைய ஜோடியைத்தான் தேடுவார்கள்.

வேலையைப் பற்றிப் பேச நீலகிரியைவிட நல்ல இடம் இல்லை. தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், எருமை கறப்பதும் பால் வேலையும் ஆண்களுடையது, பூவேலைப்பாடு தைப்பது பெண்கள். கீழே சமவெளியில் பால் கறக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஊட்டிக் கடைவீதியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண். "அப்ப தைக்கிறது யார் வேலை?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டே யோசிப்பார்கள். குழந்தையைக் கர்ப்பப்பையில் சுமப்பதை உடம்பு தீர்மானித்தது, ஊசியையும் பால் செம்பையும் யார் பிடிப்பது என்பதை ஊர் தீர்மானித்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் வேலையின் மையம்.

கேலிக்குப் பதில் சொல்லப் பிள்ளைகளுக்கே ஒத்திகை கொடுங்கள். "சொப்புக்கு ஆணு பொண்ணு தெரியாது, வா விளையாடலாம்" போல ஒரு வரி. நீங்கள் கேலி செய்பவராக நடியுங்கள், ஒவ்வொருவராக எழுந்து அந்த வரியைச் சத்தமாகச் சொல்லட்டும். காதால் கேட்ட கதையைவிட வாயால் சொன்ன வரி நிற்கும். அழுகிற பையனைத் தனியாகக் கூட்டிப்போய்த் தேற்றுவதோடு நிறுத்தினால், கேலி சரிதான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவன் டீக்கடையில் நீங்களே போய் ஒரு டீ வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி: எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் என் 5 வயசு மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உடுப்பை அவிழ்த்து டாக்டர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடித்துவிட்டேன். இப்போது பேசவே மாட்டேன் என்கிறான். – பந்தலூர்

அடியால் ஏற்படும் நஷ்டம் இதுதான், நாளைக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்தால் உங்களிடம் வரமாட்டான். "அன்னைக்கு அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு, அடிச்சது தப்பு" என்று சொல்லி ஆரம்பியுங்கள்.

ஏறக்குறைய ஒரே வயசு, தெரிந்த பிள்ளைகள், இருவருக்கும் சம்மதம், சிரிப்பும் ஆர்வமும், நிறுத்து என்றால் நிறுத்திவிடுவது. இப்படி இருந்தால் அது உடம்பைப் பற்றிய ஆராய்ச்சி, 3 முதல் 6 வயசில் சகஜம். பார்த்தால் குரலை உயர்த்தாமல், "உடுப்பைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க, வேற விளையாடலாம்" என்று சொல்லுங்கள். பிறகு விதியைச் சொல்லுங்கள்: ஜட்டிக்குள் இருப்பது அவரவருக்கு மட்டும், யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, நாமும் மற்றவருடையதைத் தொடக்கூடாது. கழுவிவிடும் அம்மா, அப்பா, பாட்டியும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கும் டாக்டரும் மட்டும் விலக்கு. 'யாரிடமும் சொல்லாதே' என்று எவர் சொன்னாலும் அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும்.

கவலைப்பட வேண்டியது எப்போது? மூன்று நான்கு வயசு மூத்த பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால். மிட்டாய், மிரட்டல், பலவந்தம் இருந்தால். பெரியவர்கள் செய்வதை அப்படியே செய்து காட்டினால். சொல்லியும் திரும்பத் திரும்ப நடந்தால். காயம், எரிச்சல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வந்தால், ஒரு ஆளைக் கண்டாலே ஒளிந்தால். அப்போது "அவர் உன்னை இங்க தொட்டாரா?" என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டு, அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டால் குழந்தை குழம்பும். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயசுக்குக் கீழ் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். குற்றம் நடந்தது யாருக்குத் தெரிந்தாலும் அவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்றும் அது சொல்கிறது.

'குட் டச், பேட் டச்' என்று சொல்லிக்கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தப்பான தொடுதல் எப்போதும் வலிக்காது, அதனால் அது 'பேட்' என்று பிள்ளைக்குப் படாமல் போகலாம். உடம்பில் எந்த இடம், யார், ரகசியமா என்பதுதான் பிள்ளைக்குப் பிடிபடும் விதி.

லைன் வீடுகளில் ஒரே அறை, கழிப்பறை தள்ளி இருக்கும். இருட்டின பிறகு பெரியவர் ஒருவர் கூடப் போவது, படுக்கும் இடத்தில் ஒரு திரை கட்டுவது, அண்ணன்மாரோடு செல்போன் பார்க்கப் பிள்ளையைத் தனியே விடாமல் இருப்பது, மூன்றும் செலவில்லாத காவல்.

கேள்வி: 6 வயசு மகன் என் துப்பட்டாவைச் சேலையாகக் கட்டி, வளையல் போட்டுக்கொண்டு ஆடுகிறான். கணவர் அடிக்கிறார், "திருநங்கையாகிவிடுவான்" என்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையைப் பார்த்து மகன், "அவங்க ஆம்பளையா, பொம்பளையா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான், நான் அவன் வாயைப் பொத்தினேன். – ஊட்டி

துப்பட்டா கட்டி ஆடும் பையன்கள் நிறையப் பேர். சிலருக்கு நடனம் பிடிக்கும், சிலருக்குத் துணி பளபளப்பது பிடிக்கும், சிலருக்கு அம்மா மாதிரி இருக்கப் பிடிக்கும். வளையல் எவரையும் எதுவாகவும் ஆக்காது. விளையாட்டுக்காக இல்லாமல், "நான் பையன் இல்ல, பொண்ணு" என்று ஒரு குழந்தை வருஷக்கணக்கில் உறுதியாகவும் வேதனையோடும் சொல்லிக்கொண்டே இருந்தால் அது வேறு. அப்போதும் அடியால் அது மாறாது, குழந்தை பயந்து ஒளிப்பது ஒன்றுதான் நடக்கும். குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் போய், அவன் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்பவரிடம் போகாதீர்கள். அப்படி மாற்ற முயலும் சிகிச்சையைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது.

பஸ் ஸ்டாண்ட் கேள்விக்குப் பதில்: "அவங்க திருநங்கை. பிறந்தப்ப பையன்னு எல்லாரும் நினைச்சாங்க, தான் பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. அக்கான்னு கூப்பிடு." பண்ணைக்காட்டுத் தாய்க்கு முடியால் ஒன்றும் மாறாது என்று எழுதிவிட்டு இங்கே இப்படிச் சொல்வது முரண் என்று தோன்றலாம். இல்லை. சேலை கட்டியதால் அந்த அக்கா பெண் ஆகவில்லை, பெண்ணாக உணர்ந்ததால் சேலை கட்டினார். உடுப்பு காரணம் இல்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தான் ஆணா, பெண்ணா, திருநரா என்பதைத் தானே சொல்லும் உரிமையை 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, தமிழ்நாட்டில் 2008 முதலே திருநங்கையர் நல வாரியம் இருக்கிறது என்பதையும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

மகன் ஆடட்டும். துப்பட்டாவைக் கழுத்தில் முடிச்சுப் போடாமல் இடுப்பில் கட்டிவிடுங்கள். கண்ணாடி வளையல் உடைந்தால் மணிக்கட்டைக் கிழிக்கும், பிளாஸ்டிக் வளையலாகக் கொடுங்கள்.